மார்கழி மழையில் காட்டுக்கோழி

காட்டுக்கோழி வேட்டைக்கு எது நல்ல நாள் என்று கேட்டால் எங்கள் தாத்தா பஞ்சாங்கம் பார்க்க மாட்டார். "ரெண்டு நாளு அடமழ பேயணும். மூணாம் நாளு விடியக்கால மழ விடணும். அன்னிக்குப் போனா கோழி, இல்லாட்டி வெறுங்கையி" என்பார். வானொலியில் வானிலை அறிக்கை வந்தால் காது கொடுக்க மாட்டார். ஆனால் லயத்து வீட்டுத் தகரக் கூரையில் விழும் சத்தத்தை வைத்தே, இந்த மழை விடியும்வரை நிற்காதா, நான்கு மணிக்கு விடுமா என்று சொல்லிவிடுவார். பத்துக்கு ஆறு தடவை சரியாக இருக்கும். மற்ற நான்கு தடவை நாங்கள் நனைந்துகொண்டே போவோம்.

இதில் ஜோசியம் ஒன்றும் இல்லை. செம்பனைக் காட்டில் வெட்டிப் போட்ட மட்டைகள் வரிசைக்கு வரிசை அடுக்கிக் கிடக்கும். வெயில் காலத்தில் அதில் கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். காட்டுக்கோழிக்கு அந்த ஒரு சத்தம் போதும். நீங்கள் நிமிர்வதற்குள் விர்ரென்று எழும்பிப் போய்விடும். இரண்டு நாள் மழையில் ஊறிய மட்டை சத்தம் போடாது. கோழியும் நனைந்து, இறக்கை கனத்துப்போய் இருக்கும். மழை விட்டதும் முதல் வெயில் விழுகிற செம்மண் பாதைக்கும் அல்லூர்க் கரைக்கும் வந்து உடம்பை உலர்த்தும். அந்த அரை மணி நேரம்தான் வேட்டைக்காரனுக்கு. வெயில் ஏறி இறகு காய்ந்துவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

அவருடைய வேட்டைக் காலம் தீபாவளி கழித்துத் தொடங்கும், பொங்கலோடு முடியும். ஆண்டின் நடுப்பகுதியில் சேவல் இறகு உதிர்த்து, கழுத்துப் பொன்னிறம் போய்க் கறுத்துக் கிடக்கும்; அதைப் பிடிப்பது பாவம் என்பார். தை பிறந்துவிட்டால் பெட்டைகள் அடை உட்காரும். எந்தக் காலத்திலும் பெட்டையைத் தொடக் கூடாது என்பது தனிச் சட்டம். இவற்றுக்கெல்லாம் மேலே பாட்டியின் சட்டம் ஒன்று இருந்தது. தைப்பூச விரதம் ஆரம்பித்த நாளிலிருந்து கறிச்சட்டி கவிழ்த்து வைக்கப்படும். அதனால் மார்கழிதான் எங்களுக்குக் கடைசி மாதம். ஐப்பசி, கார்த்திகையில் பிடித்த மழை அப்போதும் விட்டபாடில்லாமல் இருக்கும். கோழியும் அதற்குள் உஷாராகிவிடும். "ஏமாந்த கோழியெல்லாம் கார்த்திகையிலயே கொழம்பாயிருச்சு. இப்ப இருக்கிறதெல்லாம் படிச்ச கோழி" என்பார் மாமா.

அசாம் ஜாவாவைத் தெரியாதவர்களுக்கு: ஈஜோக்கிலிருந்து கோல சிலாங்கூர் போகிற வழியில் இருக்கிறது எங்கள் ஊர். 2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு கோலாலம்பூர்க்காரர்கள் ஊரைக் கவனிக்காமலேயே தாண்டி, மின்மினிப் பூச்சி பார்க்கவும் மீன் சாப்பிடவும் போகிறார்கள். மலாய் மொழியில் அசாம் ஜாவா என்றால் நம்முடைய புளிதான். வேடிக்கை என்னவென்றால் அந்த மரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அரபுக்காரர்கள் அதை இந்தியப் பேரீச்சை என்றார்கள், மலாய்க்காரர்கள் ஜாவாக்காரனின் புளிப்பு என்றார்கள். சுற்றுவட்டாரத்துக் கம்பங்களில் ஜாவாக்காரர்கள் நிறைய; தோட்டங்களில் நாங்கள். ஊருக்குப் பெயர் வைத்தவர் யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்.

காட்டுக்கோழியைப் பார்த்திராத இளையவர்கள், அதை ஏதோ ஊர்க்கோழி காட்டுக்கு ஓடிப்போனது என்று நினைத்துக்கொள்கிறார்கள். கதை தலைகீழ். உலகத்தில் உள்ள எல்லா வீட்டுக்கோழிக்கும் மூதாதை இந்தச் சிவப்புக் காட்டுக்கோழிதான். 2020-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று, வீட்டுக்கோழி எந்தக் கிளையிலிருந்து வந்தது என்றும் அடையாளம் காட்டியது. நம் தீபகற்பத்துக் காட்டுக்கோழியும் அந்தக் கிளையைச் சேர்ந்ததுதான். பறவை நூலார் இதை மயில், காடை, கௌதாரி, வெள்ளைக்காரர் வேட்டையாடும் ஃபெசன்ட் ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தில் வைக்கிறார்கள். நம் மலைக்காட்டுக் குவாங் பறவையும் அதே குடும்பம். மயிலும் சேவலும் ஒரே குடும்பம் என்பதை நான் படிவம் ஐந்தில் படித்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னேன். பாட்டி கொஞ்சமும் அசரவில்லை. சூரபத்மன் மாமரமாக நின்றான், வேல் இரண்டாகப் பிளந்தது, ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். "இத இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்டார்.

முருகன் கொடியில் இருப்பதைக் கறி வைக்கலாமா என்ற வழக்கு எங்கள் வீட்டில் ஒவ்வொரு மார்கழியிலும் விசாரணைக்கு வரும். தாத்தாவின் வாதம், கொடியில் இருப்பது கூவுகிற சேவல், சட்டியில் இருப்பது கூவாத சேவல் என்பது. பாட்டி அதை ஏற்றுக்கொள்ளாமலே மிளகு அரைத்துக்கொண்டிருப்பார்.

தாத்தா 1937-இல், ஒன்பது வயதில், ரஜூலா கப்பலில் வந்தவர். வேட்டை அவர் ஆசைப்பட்டுக் கற்றது அல்ல. ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய அப்பாவைச் சயாம் ரயில் பாதை போட அழைத்துப் போனார்கள். திரும்பி வரவில்லை. அம்மாவும் இரண்டு தங்கைகளும் லயத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு கால் வீங்கிக் கிடந்தார்கள். பக்கத்துக் கம்பத்து ஜாவாக்காரப் பெரியவர் ஒருவர்தான் பதினாலு வயதுப் பையனுக்குக் கண்ணி வைக்கக் கற்றுக்கொடுத்தார். பழக்கிய காட்டுச் சேவலை ஒரு முளையில் கட்டிவிட்டுச் சுற்றிலும் சுருக்குகளை நட்டு வைப்பது அவர்கள் முறை. அந்தச் சேவலுக்கு டெனாக் என்று பெயர். கட்டிப்போட்ட சேவல் கூவும். இடத்துக்குச் சொந்தக்காரச் சேவல் கோபத்தில் சண்டைக்கு வந்து சுருக்கில் மாட்டும். கற்றுக்கொடுத்ததற்குக் கூலியாக அந்தப் பெரியவர் கேட்டது, பிடிக்கிற கோழியை அறுக்கும்போது தன்னைக் கூப்பிட வேண்டும், தான் ஓதி அறுத்துப் பாதி எடுத்துக்கொள்வேன் என்பதுதான். போர் முடிகிறவரை அந்த இரண்டு வீடும் அப்படித்தான் கறி தின்றன.

அவசரகாலத்தில் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். ஊரடங்கு. காட்டோரம் போனால் கம்யூனிஸ்டுக்குச் சோறு கொண்டுபோகிறாயா என்று கேட்பார்கள். அந்த ஆண்டுகளைப் பற்றித் தாத்தா ஒரே வரியில் சொல்வார்: "கோழிக்கு நல்ல காலம்."

பால்மரம் இருந்தவரை காட்டுக்கோழி தோட்டத்து ஓரத்தில்தான் நின்றது. பால்மரத்தடியில் அதற்கு என்ன இருக்கிறது? செம்பனை வந்த பிறகுதான் உள்ளேயே குடியேறியது. மலேசியாவில் முதன்முதலாக வணிக முறையில் செம்பனை நட்டது எங்கள் மாவட்டத்தில்தான் என்பது பலருக்குத் தெரியாது. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில், இப்போது பெஸ்தாரி ஜெயா, தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கியவர். தோட்டத்தின் பெயரோ நம் ஆட்கள் வைத்த தென்னை மரம். அதன்பின் பல ஆண்டுகள் கழித்து மற்றத் தோட்டங்களும் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனைக்கு மாறின. ஆளைக் குறைத்தார்கள், லயங்கள் காலியாயின, கோழிக்கு மட்டும் விருந்து. உதிரிப் பழம், மட்டைக் குவியலில் புழு, கரையான், இரவில் ஏறி உட்கார உயரமான ஓலை. எங்களுக்கு வாழ்வு கெட்ட இடத்தில் அதற்கு வாழ்வு வந்தது என்று அம்மா சொல்வார்.

வேட்டை என்றால் ஆண்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அது குடும்ப வேலை. முதல் நாள் இரவே பாட்டி தங்கூசி நூலில் சுருக்கு முடிச்சுப் போட்டுக் கொடுப்பார். அந்த முடிச்சுத் தாத்தாவுக்கு வராது. அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, சுடுதண்ணிப் போத்தலில் கறுப்புக் காப்பியும், வாழை இலையில் சம்பால் தடவிய சோறும் கட்டுவார். நானும் மாமா மகனும் வயதுக்கு மீறிய ரப்பர்ச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்போம். மணி என்ற நாய் எங்களுக்கு முன்னால் தயாராக இருக்கும். மழையில் அந்த நேரத்தில் 22, 23 டிகிரிதான் இருக்கும். பனி நாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். நனைந்த சட்டையோடு மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போய்ப் பாருங்கள், பல் தந்தியடிக்கும்.

1989 மார்கழியில் ஒரு நாள் தாத்தாவின் கூரைக் கணக்குத் தப்பிப்போனது. நான்கு மணிக்கு விட்ட மழை ஏழரைக்குத் திரும்பி வந்தது. சாதாரண மழை இல்லை, இடி. திறந்த வெளியில் மின்னல் விழுந்து பால்வெட்டுக்காரர்கள் செத்த கதை எல்லாத் தோட்டத்திலும் உண்டு. தாத்தா கையில் இருந்த பாராங்கைப் புல்லுக்குள் வீசிவிட்டு எங்கள் இருவரையும் பிடித்துத் தரையோடு அமுக்கினார். கொஞ்சம் தணிந்ததும் எழுந்து பார்த்தால் பெரிய அல்லூரின் குறுக்கே போட்டிருந்த தென்னங்கட்டையைக் காணோம். அது தண்ணீருக்கு அடியில் இருக்கிறதா, அடித்துக்கொண்டு போய்விட்டதா என்று தெரியவில்லை. மாமா அப்போது முப்பத்தைந்து வயது ஆள். நான் நீந்திப் போய்ப் பார்க்கிறேன் என்று சட்டையைக் கழற்றினார். தாத்தா ஒன்றும் சொல்லாமல் அவர் இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டார். ஓங்கி ஒரு சத்தம் போட்டிருந்தால்கூட மாமா குதித்திருப்பார். அந்தப் பிடியை அவரால் உதற முடியவில்லை.

உரக் கொட்டகையில் போய் உட்கார்ந்தோம். காலில் இருந்து அட்டைகளைப் பிய்த்துப் போட்டோம். மணி நடுங்கிக்கொண்டு என் மடியில் ஏறியது. அப்போதுதான் எதிரே, இருபது அடி தூரத்தில், உர மூட்டைகளுக்குப் பின்னால் நாலு பெட்டைகளோடு ஒரு சேவல் ஒதுங்கி நின்றதைப் பார்த்தோம். வெள்ளத்துக்கு அவையும் மேட்டுக்கு வந்திருக்கின்றன. வால் தொங்கிப்போய், கொண்டையில் தண்ணீர் சொட்டிக்கொண்டு. மாமா மகன் மெதுவாக லாஸ்டிக்கை எடுத்தான். தாத்தா தலையை அசைத்தார். "அதுவும் கொட்டகைக்குத்தான் வந்திருக்கு" என்றார்.

சயாமுக்குப் போன தன் அப்பாவைப் பற்றி அவர் முதன்முதலாகப் பேசியது அந்தக் கொட்டகையில்தான். லாரியில் ஏற்றியபோது மழை பெய்தது, அப்பா தலையில் சாக்குப் போட்டிருந்தார், அதனால் முகம் சரியாகத் தெரியவில்லை என்றார். அவ்வளவுதான். பிறகு சோற்றைப் பிரித்து ஐந்து பங்காக வைத்தார். ஐந்தாவது மணிக்கு. மத்தியானம் ஒரு மணிக்குத் தோட்டத்து டிராக்டர் வந்தது. மட்கார்டில் பாட்டி உட்கார்ந்திருந்தார், தலையில் உரச் சாக்கு. இறங்கி வந்து தாத்தாவின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு, யாருக்கும் காய்ச்சலா என்று எங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

கறியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காட்டுக்கோழிக் கறி மெத்தென்று இருக்காது. பேரங்காடியில் வாங்கும் கோழியை நினைத்துக்கொண்டு கடித்தால் தாடை வலிக்கும். இறகு பிய்த்து, வைக்கோல் தீயில் வாட்டி, மஞ்சள் தடவி, சின்னத் துண்டாக வெட்டி, மிளகும் சீரகமும் அம்மியில் அரைத்து ஊற்றி, விறகடுப்பில் இரண்டு மணி நேரம் வேக வேண்டும். ஒரு சேவலில் பெரியதாக ஒன்றும் இருக்காது. ஒன்பது பேருக்கு ஆளுக்கு இரண்டு துண்டு, மற்றதெல்லாம் குழம்பு. வேட்டை என்றதும் பலர் கறியைத்தான் நினைக்கிறார்கள். அந்தக் கறிக்காக யாரும் மூன்று மணிக்கு எழுந்திருக்க மாட்டார்கள்.

தாத்தாவுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு அடி மண்கூடச் சொந்தமில்லை. லயத்து வீடு தோட்டத்துடையது, பெரட்டுக்குப் போகவில்லையென்றால் சம்பளம் இல்லை, தண்டல் கூப்பிட்ட குரலுக்கு நிற்க வேண்டும். ஆனால் எந்த மரத்தில் எந்தச் சேவல் தூங்குகிறது, அது விடிந்ததும் எந்த அல்லூரைத் தாண்டும் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பெரிய கிராணி ஒரு முறை தன் விருந்தாளிகளுக்காகக் காட்டுக்கோழி கேட்டு ஆள் அனுப்பினார். மழை இல்லை, முடியாது என்று தாத்தா சொல்லி அனுப்பிவிட்டார். கிராணிக்கு அவர் முடியாது என்று சொன்ன ஒரே சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும். அன்று இரவு முழுக்க மழை கொட்டியது என்பதைப் பாட்டி சாகும்வரை சொல்லிச் சிரித்தார்.

தொண்ணூறுகளில் தோட்டம் கைமாறியது. லயம் காலியானது. மாமா லாரி ஓட்டிச் சேர்த்த பணத்தில் புக்கிட் ரோத்தான் பக்கம் மூன்று ஏக்கர் வாங்கிச் செம்பனையும் வாழையும் போட்டார். காட்டுப்பன்றித் தொல்லைக்காகத் துப்பாக்கிக்கு மனுப் போட்டு, பல தடவை அலைந்து, ஒத்தக்குழல் துப்பாக்கி ஒன்றுக்கு உரிமம் வாங்கினார். வேட்டையும் சட்டத்துக்கு உட்பட்டதாக மாறியது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 28-இல் நடப்புக்கு வந்தது. அதன்படி காட்டுக்கோழி பாதுகாக்கப்பட்ட பறவை. பெர்ஹிலித்தான் தரும் உரிமம் இல்லாமல் தொடக் கூடாது. பாட்டி முடிந்த மாதிரிச் சுருக்குகளை வைப்பது இப்போது குற்றம். நியாயம்தான். சுருக்குக்குப் பெட்டை, சேவல் தெரியாது, கோழியா புலிக்குட்டியா என்றும் தெரியாது. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தங்கூசி நூலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்.

மாமா மகன், அதாவது என் மச்சான், இப்போது அமெரிக்காவில் மினசோட்டாவில் பொறியியலாளன். சில ஆண்டுகளுக்கு முன் டிசம்பரில் அவனுடன் வேலை செய்பவரின் குடும்பத்தோடு பக்கத்து மாநிலமான தென் டகோட்டாவுக்கு ஃபெசன்ட் வேட்டை பார்க்கப் போயிருந்தான். அங்கிருந்தே எனக்கு அழைத்தான். காற்று முகத்தை அறுக்கிறது, மூக்குத் தண்ணீர் உறைந்துபோகிறது என்றான். அங்கே வேட்டைக்காலம் அக்டோபரில் தொடங்கி ஜனவரி கடைசிவரை போகிறது. ஆரம்பத்தில் சோள வயலில் பரவிக் கிடக்கும் பறவைகள், பனி கொட்டியதும் சம்பங்கோரை மண்டிய சதுப்புகளுக்குள் ஒன்றாகக் குவிந்துவிடும். சதுப்பு உறைந்த பிறகு அதன்மேல் நடந்துபோய்க் கலைப்பார்கள். தாத்தா, பேரன், மருமகள், நாய் என்று குடும்பமே வரிசையாக நடக்கிறதாம். சேவலை மட்டும்தான் சுடலாம், பெட்டையைச் சுட்டால் குற்றம். "மச்சான், நம்ம தாத்தா சொன்னது இங்க சட்டமாவே இருக்கு" என்று கத்தினான். அந்தக் கடைசிப் பருவத்துப் பறவை தந்திரமானது, காலடி கேட்டதும் பறக்காமல் ஓடிவிடும் என்று அவர்கள் சொன்னபோது அவனுக்கு மாமாவின் "படிச்ச கோழி" ஞாபகம் வந்திருக்கிறது. அந்த ஃபெசன்டும் அமெரிக்கப் பறவை இல்லை. 1880-களில் சீனாவிலிருந்து கப்பலில் ஓரிகனுக்குக் கொண்டுவந்தது. தென் டகோட்டா 1943-இல் அதையே மாநிலப் பறவையாக்கிக்கொண்டது.

துப்பாக்கி மச்சானுக்கு வர வேண்டியது. அவன் திரும்பி வரப்போவதில்லை. மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் மடங்கவில்லை, ஒரு கண்ணில் புரை. போன ஆண்டு பக்கத்து நிலத்தை விற்றுவிட்டார்கள். கல் நட்டு, மண் கொட்டி, மாதிரி வீடு கட்டியாகிவிட்டது. வீடுகளுக்குப் பக்கத்தில் துப்பாக்கி எடுக்க முடியாது. "நீ மனுப் போடேன்" என்று என்னிடம் கேட்டார். ஷா ஆலாமில் பதினோராவது மாடியில் குடியிருக்கிறவன் எந்தப் பன்றியை விரட்டப் போகிறேன்? அதைச் சொன்னதும் சிரித்தார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. உரிமம் முடிகிற தேதிக்கு முன்பே துப்பாக்கியைப் போலிஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிடுவது என்று முடிவானது. அந்த ஆண்டின் வேட்டை உரிமத்தில் ஒரு கோழி பாக்கி இருந்தது.

போன டிசம்பரில் மூன்று நாள் அடைமழை. சனிக்கிழமை விடியற்காலை நானும் என் பன்னிரண்டு வயது மகளும் மாமாவின் குடிசையில் இருந்தோம். அவளை அழைத்துப் போவதில் என் மனைவிக்குச் சம்மதமில்லை. உயிர் போவதைப் பார்க்க வேண்டிய வயதா இது என்று கேட்டார். தட்டில் இருப்பது எங்கிருந்து வருகிறது என்று அவள்தான் வாரா வாரம் கேட்கிறாள், பார்க்கட்டும் என்றேன். இப்போதும் எங்கள் இருவருக்கும் அதில் ஒரே கருத்து இல்லை.

மழை ஏழு மணிக்கு விட்டது. மண்ணிலிருந்து ஆவி எழும்பியது. வாழைத் தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சேவல் கூவியது. மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் கொஞ்சம் மாறியது. "கடைசில இழுக்குறான்" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. வெயில் பாதையில் விழுந்ததும் அது வந்தது. செம்பொன் கழுத்து, கறுத்த மார்பு, வாலின் அடியில் வெள்ளைத் திட்டு. இறக்கையை விரித்து உதறியது. மாமா மர முட்டில் துப்பாக்கியைச் சாய்த்து வைத்து, நல்ல கண்ணால் பார்த்து, ஒரே தோட்டாவில் சாய்த்தார். மகள் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். அழவில்லை. அவள்தான் முதலில் போய் எடுத்தாள். "சூடா இருக்குப்பா" என்றாள்.

மாமா அதை வாங்கிக் காலைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் கால்.

காட்டுக்கோழியின் கால் ஈயச் சாம்பல் நிறம். மஞ்சள் என்றால் ஊர்க்கோழி ரத்தம் எங்கோ கலந்திருக்கிறது. கூவலும் அப்படித்தான்: காட்டுச் சேவல் கடைசி எழுத்தைக் கத்தரித்ததுபோல் நிறுத்தும், ஊர்ச்சேவல் இழுக்கும். "இது காடு இல்ல, கலப்பு" என்றார் மாமா. முப்பது ஆண்டுத் துப்பாக்கியின் கடைசித் தோட்டா ஒரு கலப்புச் சேவலுக்குப் போனதை அவரால் தாங்க முடியவில்லை. வீடுகள் வரவர, அவற்றோடு வரும் வளர்ப்புக்கோழிகள் தோப்புக்குள் மேய்ந்து காட்டுச் சேவலோடு சேர்ந்துவிடுகின்றன. தோற்றம் அப்படியே இருக்கும், நாலைந்து தலைமுறையில் உள்ளே ஆள் மாறியிருக்கும். துப்பாக்கியைவிட இதுதான் அந்தப் பறவையை முடிக்கப் போகிறது என்று நான் நினைக்கிறேன். ஒரு நாள்கூடச் சத்தம் கேட்காது.

பாட்டியின் முறைப்படியே மிளகு அரைத்து என் அத்தை குழம்பு வைத்தார். ஒரு மணி நேரத்திலேயே வெந்துவிட்டது. மாமா ஒரு துண்டு வாயில் போட்டு, பார்த்தாயா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

அன்று மாலை என் மகள் கைப்பேசியில் எதையோ தேடிப் படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "தாத்தா, மஞ்சள் கால் எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா?" என்றாள். வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு சிவப்புக் காட்டுக்கோழியிடம் இல்லை. தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து என்றோ கலந்தது என்று 2008-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்து மலைக்காட்டில் இன்றும் திரிகிற அதே கோழி. நான் வாங்கிப் படித்துப் பார்த்தேன், சரியாகத்தான் சொன்னாள்.

மாமா தட்டில் மிச்சமிருந்த எலும்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப அதுவும் கப்பல்ல வந்ததுதானா?" என்று கேட்டார். அத்தை சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றிக்கொண்டார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அவரைப் போலிஸ் நிலையத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். அன்றும் மழை. முகப்பில் இருந்த இளம் காவலர் துப்பாக்கி எண்ணைச் சரிபார்த்து, மிச்சத் தோட்டாக்களை இரண்டு முறை எண்ணி, பாரத்தில் எழுதி, "பாக்சிக், எதைச் சுட்டீர்கள் இத்தனை நாளும்?" என்று மலாயில் கேட்டார். மாமா "பாபி" என்று மட்டும் சொன்னார். கோழியைப் பற்றிச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, துப்பாக்கி வைத்திருந்த கித்தான் பையைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். காவலர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து பையை மடித்துக் கொடுத்தார்.

இப்போது அதில் மாமா குடை வைத்திருக்கிறார்.